அமெரிக்க அதிபர் அரசியலைப் பற்றி அங்கதப் பத்தி எழுதுவது எப்படி: மதுரையில் இருந்து எழுதுபவர்களுக்கு

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும் ஒவ்வொரு முறையும் தமிழில் நையாண்டிப் பத்திகள் நிறைய வருகின்றன. அவற்றில் பாதி, வேட்பாளரின் தலைமுடியைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி, 'அங்கேயும் இப்படித்தானா' என்ற பெருமூச்சு. இரண்டையும் எழுதுவது சுலபம். படித்து முடித்தவர் கையில் எதுவும் மிஞ்சாது என்பதுதான் என் வருத்தம்.

மதுரையில் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சிம்மக்கல் வீட்டுக்கு எழுதிப் பழக வரும் இளைஞர்களோடு உட்காருகிறேன். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கட்சி ஒன்றே ஒன்று: அங்கதம் எழுதுபவர் உண்மையின் மேல் கை வைக்கக் கூடாது. அதை எங்கே வைப்பது, எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பது மட்டுமே அவர் இஷ்டம்.

இதற்கு வெளிநாட்டு ஆசான் தேவையில்லை. அவ்வையார் தொண்டைமானிடம் தூது போனது பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். புறநானூற்றின் 95-ஆம் பாடல். தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்த அவ்வை சொல்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த அவையில் எந்த அமைச்சரும் எழுந்து மறுக்க வழியில்லை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். வாஷிங்டனைப் பற்றி எழுதும்போது இந்தப் பாட்டை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அதிபரைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா இந்த ஊருக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரைக்கு வந்தது. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியது. 1960-களின் நடுவில் மழை பொய்த்தபோது இந்தியா, பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமையை நம்பியிருந்தது. அந்தக் கப்பல்களைச் சிறிது சிறிதாக விடுவிப்பதை அதிபர் லிண்டன் ஜான்சன் தன் கையிலேயே வைத்திருந்தார். 2025 ஆகஸ்ட் 27 முதல் பல இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி என்று ஆனபோது திருப்பூர்ப் பின்னலாடையும் தூத்துக்குடி இறாலும் அடிவாங்கின. அடுத்த மாதமே, புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வாரம் அவர்கள் நிம்மதியாகத் தூங்கவில்லை. நமக்கு அங்கே வாக்கு இல்லை, ஆனால் அந்த அதிபர் போடும் கையெழுத்து இங்கே செல்லுபடியாகிறது. எழுத இந்த உரிமை போதும்.

முதலில் தேர்தல் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்

சிரிப்பைப் பற்றி நினைப்பதற்கு முன்னால், அந்த நாட்டில் அதிபர் எப்படித் தேர்வாகிறார் என்பதை ஒரு பக்கத்தில், நகைச்சுவை ஒரு துளியும் இல்லாமல் எழுதிப் பாருங்கள். இதைச் செய்ய முடியாதவரிடம் நான் பத்தி கேட்பதில்லை.

அமெரிக்க மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வாளர்கள் மொத்தம் 538 பேர். 270 கிடைத்தால் வெற்றி. 48 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அங்குள்ள எல்லாத் தேர்வாளர்களும் போகிறார்கள். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. இதனால் நாடு முழுவதும் குறைந்த வாக்கு பெற்றவர் அதிபராவது நடக்கும். 1824, 1876, 1888, 2000, 2016 என்று ஐந்து முறை நடந்திருக்கிறது. 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். 2000-இல் ஃபுளோரிடா மாநிலத்தில் பதிவான ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகளில் 537 வித்தியாசம், ஜார்ஜ் புஷ்ஷை அதிபராக்கியது. அதுவும் டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்திய பிறகு.

இந்தக் கணக்கை மதுரை வாசகர் உணர வேண்டுமானால், அவருக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றைக் கொடுங்கள். மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 30 லட்சத்தைத் தாண்டியது. வயோமிங் என்ற முழு மாநிலத்திலும் ஆறு லட்சம் பேர்கூட இல்லை. அந்த மாநிலத்துக்கு மூன்று தேர்வாளர்கள். நான்கு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கு 54. வகுத்துப் பார்த்தால் வயோமிங்கில் இரண்டு லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு ஒரு தேர்வாளர். கலிபோர்னியாவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒருவர். இதை எழுதிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். வாசகருக்குச் சிரிப்பு தானாகவே வரும். நீங்கள் கூடுதலாகக் கிண்டல் சேர்த்தால் அது கெட்டுவிடும்.

தகவலுக்கு எங்கே போவது? உட்கார்ந்து படிக்க, புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து இந்த ஊர் இளைஞர்களுக்கு அது பெரிய கொடை. இணையத்தில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் அதிபர்களின் ஆவணத் தொகுப்பு ஒன்றைப் பராமரிக்கிறது. பேச்சுகள், ஆணைகள், செய்தியாளர் சந்திப்புகள் எல்லாம் முழு வடிவில், இலவசமாகக் கிடைக்கும். பணக் கணக்குக்கு அந்நாட்டுக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளம். ஒரு பேச்சைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் அந்தப் பேச்சை முதலிலிருந்து கடைசிவரை படித்திருக்க வேண்டும். முப்பது வினாடிக் காணொளித் துண்டை வைத்து எழுதுவதை நான் திருட்டுக்குச் சமமாகவே நினைக்கிறேன்.

பழைய கதைகளிலும் கவனம் வேண்டும். 1841-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்றபோது எட்டாயிரம் சொற்களுக்கு மேல், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பேசினார். சரியாக ஒரு மாதத்தில் இறந்தார். 'குளிரில் நீளமாகப் பேசியே செத்தார்' என்று எழுத எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. ஆனால் அவர் நோய்வாய்ப்பட்டது அந்தப் பேச்சுக்கு மூன்று வாரம் கழித்து. மிக நீளமாகப் பேசியவர் மிகக் குறைந்த காலம் ஆண்டார் என்று எழுதுங்கள். அது உண்மை, கிண்டலாகவும் இதுவே கூர்மை.

கடிகாரத்தைப் பாருங்கள்

நவம்பரில் வாஷிங்டன் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. வாக்குப்பதிவு அங்கே செவ்வாய்க்கிழமை. நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று 1845-இல் சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்கு எண்ணிக்கை தொடங்குவது புதன்கிழமை விடிவதற்கு முன்னால். இண்டியானா, கென்டக்கியின் சில பகுதிகளில் அதிகாலை 4:30-க்கு வாக்குச்சாவடி மூடும்; ஜார்ஜியாவில் 5:30; பென்சில்வேனியாவில் 6:30; விஸ்கான்சினில் 7:30. கலிபோர்னியா மூடும்போது இங்கே காலை 9:30, அலுவலகங்களுக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

முடிவு எப்போது வரும் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. 2024-இல் புதன்கிழமை மாலை நான்கு மணி வாக்கில் தெரிந்துவிட்டது. 2020-இல் சனிக்கிழமை இரவு பத்துவரை இழுத்தது. 2000 நவம்பர் 8, நம் நேரப்படி பகல் ஒன்றுக்குச் சற்று முன்பு, அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஃபுளோரிடா புஷ்ஷுக்கே என்று அறிவித்தன. மாலைப் பத்திரிகைகளுக்கு அது பக்கம் மூடும் நேரம். இரண்டரை மணி வாக்கில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. செய்தி மேசையில் இருப்பவர்களுக்கு இந்த ஒன்றரை மணி நேரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பத்தி எழுதுபவருக்கு அந்த அவசரமே கிடையாது. ஆகவே, புதன்கிழமை முடிவைப் பற்றி எழுதாதீர்கள்.

யாரைப் படிப்பது

அமெரிக்காவிலேயே இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. ஃபின்லி பீட்டர் டன் 1890-களில் சிகாகோ நாளிதழ்களில் மிஸ்டர் டூலி என்ற ஐரிஷ் மதுக்கடைக்காரரை உருவாக்கி, அவர் வாயால் அதிபர்களை விசாரித்தார். தியோடர் ரூஸ்வெல்ட் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் அவரை ரசித்துப் படித்தார். வில் ரோஜர்ஸ் 1928-இல் வேட்பாளராகவே வேடம் கட்டி, வென்றால் ராஜினாமா செய்வேன் என்ற ஒரே வாக்குறுதியோடு நின்றார். ரஸ்ஸல் பேக்கர் 1962 முதல் 1998 வரை நியூயார்க் டைம்ஸில் எழுதினார். இவர்கள் எல்லோரையும் நூலகத்தில் தேடிப் படிக்கலாம்.

நான் அதிகம் நிறுத்திப் பேசுவது ஆர்ட் பக்வால்டைப் பற்றி. 1957 டிசம்பரில் நேட்டோ கூட்டத்துக்காக அதிபர் ஐசனோவர் பாரிஸ் வந்திருந்தார். அதிபரின் செய்திச் செயலாளர் ஜேம்ஸ் ஹேகர்ட்டி அன்றாடம் செய்தியாளர்களைச் சந்தித்தார். பக்வால்டு கற்பனையாக ஒரு சந்திப்பை எழுதினார்: அதிபர் எத்தனை மணிக்குப் படுத்தார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று செய்தியாளர்கள் நுணுக்கி நுணுக்கிக் கேட்கிறார்கள். ஹேகர்ட்டி கோபம் கொண்டு அதற்காகவே ஒரு கூட்டம் கூட்டி, இது கலப்படமற்ற பிதற்றல் என்றார். தான் எழுதுவது கலப்படமுள்ள பிதற்றல்தான் என்று பக்வால்டு பதில் சொன்னார்.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது, அவருடைய அம்பு யாரை நோக்கி என்பது. அதிபரை அவர் ஒரு சொல்லும் திட்டவில்லை. உலகப் போர் அபாயத்தைப் பேச வந்த கூட்டத்தில் காலை உணவைப் பற்றிக் கேட்ட தன் சொந்தத் தொழில்காரர்களையும், அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்ன அலுவலகத்தையும்தான் குறிவைத்தார். அதிபரின் மேல் எழுதும் பத்தி பல நேரங்களில் அதிபரைச் சுற்றி நிற்பவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

உடம்பை விடுங்கள்

மேடையில் எதிராளியின் நிறத்தையும் பல்லையும் நடையையும் கிண்டல் செய்து கைதட்டல் வாங்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எனக்கு இதில் சமரசமே கிடையாது. லிங்கனைக் குரங்கு என்று எழுதியவர்கள் இருந்தார்கள், வரைந்தவர்களும் இருந்தார்கள். அந்த எழுத்துகளில் ஒன்றுகூட லிங்கனைப் பற்றி எதையும் சொல்லவில்லை. முகம், நிறம், பெயர், வயது, மனைவி, உச்சரிப்பு இவற்றைத் தொடாமல் எழுத முடியவில்லை என்றால் உங்களுக்கு அந்த அதிபரின் ஆட்சியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். மறுபடி நூலகத்துக்குப் போங்கள்.

பாசமும் இதே அளவுக்குக் கண்ணை மறைக்கும். கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி.கோபாலன் திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தவர். 2020-இலும் 2024-இலும் அந்த ஊர்க் கோயிலில் வழிபாடு நடந்தது. அது அந்த ஊர் மக்களின் உரிமை, அழகான விஷயமும்கூட. ஆனால் பத்தி எழுதுபவர் அந்த மகிழ்ச்சியில் ஹாரிஸின் கொள்கைகளைப் படிக்காமல் விட்டால், தன் வேலையைச் செய்யவில்லை.

செயல்களைப் பாருங்கள். இரண்டு கட்சிகளுடைய செயல்களையும் பாருங்கள். மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று: மூன்று தேதிகளை மட்டும் வைத்து ஒரு பத்தி எழுதுங்கள் என்பேன். ஒவ்வோர் ஆண்டும் நன்றி நவிலும் நாளுக்கு முன்னால் வெள்ளை மாளிகையில் வான்கோழிக்கு 'மன்னிப்பு' வழங்கும் சடங்கு நடக்கிறது. 1989-இல் மூத்த புஷ் காலத்தில் அது முறையான வழக்கமானது. 2024 நவம்பர் 25 அன்று ஜோ பைடன், பீச், பிளாசம் என்ற இரண்டு வான்கோழிகளை மன்னித்தார். டிசம்பர் 1 அன்று, மன்னிக்க மாட்டேன் என்று முன்பு சொல்லியிருந்த தன் மகன் ஹன்டரை மன்னித்தார். 2025 ஜனவரி 20 அன்று டொனால்டு டிரம்ப், நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் வழங்கினார். எட்டே வாரம். அடைமொழி எதுவும் சேர்க்காமல் இதை வரிசையாகச் சொன்னாலே பத்தி நிற்கிறது. அவ்வை செய்தது இதைத்தான்.

யார் குரலில் எழுதுவது

டீக்கடை பெஞ்சு வேண்டாம். அரசியல் பேசும் முடிதிருத்துநரும் ஆட்டோ ஓட்டுநரும் வேண்டாம். அந்தக் குரல்களில் நிறைய எழுதியாகிவிட்டது. வாசகர் அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லிவிடுவார். சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைத் தேடுங்கள். நில அளவர், சங்கக் கணக்கர், பூச்சந்தைத் தரகர், பத்திர எழுத்தர். அவர்களுடைய தொழிலில் ஏற்கனவே கூர்மையான கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கேள்விகளை வாஷிங்டனை நோக்கித் திருப்பினால் போதும்.

மேலூரிலிருந்து வரும் ஒரு மாணவி, 2009-இல் பராக் ஒபாமாவின் பதவியேற்பைப் பற்றி எழுதிவந்தாள். அவளுடைய முதல் வரி இது:

'பதவியேற்பு விழாவில் ஒபாமா உளறிக்கொட்ட, உலகமே கைகொட்டிச் சிரித்தது.'

"ஐயா, இதில் என்ன குறை?" என்று கேட்டாள். ஒரே வரியில் மூன்று குறைகள் என்றேன். முதலில் தடுமாறியது உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். 'நேர்மையாக' என்ற பொருள் தரும் சொல்லை வரிசை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒபாமா அதைத் தொடர்ந்தார். இரண்டாவது, உலகம் சிரித்ததா என்று நமக்கு யாரும் அளந்து கொடுக்கவில்லை. மூன்றாவதுதான் பெரிய குறை: இதைவிடச் சுவையான உண்மையை அவள் தேடவே இல்லை. மறுநாள், ஜனவரி 21 இரவு, வெள்ளை மாளிகையில் வரைபட அறை என்று அழைக்கப்படும் அறையில், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் முன்னிலையில், அதே தலைமை நீதிபதி அதே உறுதிமொழியை மறுபடி எடுக்கவைத்தார்.

அவளுடைய சித்தப்பா பத்திர எழுத்தர் என்பது எனக்குத் தெரியும். "இதை உன் சித்தப்பாவிடம் சொன்னால் என்ன கேட்பார், அம்மா?" என்றேன். அடுத்த ஞாயிறு அவள் கொண்டுவந்தது இது:

'உறுதிமொழி வாசகம் மொத்தம் 35 சொல். அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு சொல் இடம் மாறிவிட்டது. சாட்சிக்கு எதிரே லட்சக்கணக்கான பேர் நின்றார்கள். இருந்தும் மறுநாள் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருத்தியது சரி. ஆனால் முதல் நாள் பகல் 12 மணிக்கே சொத்து கைமாறிவிட்டது என்று அவர்கள் சட்டமே சொல்கிறதே. அப்படியானால் இந்த இரண்டாவது பத்திரத்துக்கு எந்தத் தேதி போட்டார்கள்?"'

இந்தக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள். அதிபரின் பதவிக்காலம் ஜனவரி 20 நண்பகலில் தொடங்குகிறது என்பது 1933-இல் உறுதியான இருபதாவது திருத்தம். அதாவது உறுதிமொழி தடுமாறியபோதும் ஒபாமா அதிபர்தான் என்பது பலருடைய வாதம். வெள்ளை மாளிகை எச்சரிக்கை கருதியே மறுபடி எடுத்ததாகச் சொன்னது. மேலூர்ப் பத்திர எழுத்தர் கேட்கும் கேள்வி, சட்ட அறிஞர்கள் கேட்ட கேள்வியேதான். நையாண்டியும் சட்டமும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. ஒபாமாவை அவள் ஒரு சொல்லும் இழிவாகப் பேசவில்லை. வாசகர் சிரித்துக்கொண்டே அமெரிக்க அரசமைப்பில் ஒரு விதியைத் தெரிந்துகொள்கிறார். அந்த ஞாயிறு முழுக்க எனக்கு மனம் நிறைந்திருந்தது.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தொழிலின் சொற்களை நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் 'பிழைத்திருத்தல் பத்திரம்' என்று எழுதியதால் பத்தி உயிர் பெற்றது; 'திருத்தப்பட்ட ஆவணம்' என்று பொதுவாக எழுதியிருந்தால் சித்தப்பா மறைந்துபோயிருப்பார். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், செக்குபந்தி என்று எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டவும் கூடாது.

நம் ஊரோடு ஒப்பிடுவது எப்போது

பெரும்பாலான நேரங்களில் வேண்டாம். 'நம்மூர் மட்டும் என்ன வாழ்கிறதாம்' என்று முடிக்கும் பத்திகள் இரண்டு ஊரையும் தப்பவிடுகின்றன. ஒப்பிட்டால் சமமான பொருள்களை ஒப்பிட வேண்டும்.

பணம் அப்படிப்பட்ட பொருள். 2009 ஜனவரியில் நம் மாவட்டத்தின் திருமங்கலம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்த பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்பது நாடு முழுக்கப் பரவிய பேச்சாகிவிட்டது. வாக்குக்குப் பணம் என்றால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். அங்கே வாழும் நேர்மையான மக்களுக்கு இது எவ்வளவு வலி என்று யோசிப்பதில்லை. அடுத்த ஆண்டு, 2010 ஜனவரியில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனங்கள் வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பு விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது; செலவு செய்வது பேச்சுரிமையில் அடங்கும் என்பது அதன் அடிப்படை. 2024 அக்டோபரில் எலான் மஸ்க், கடும் போட்டி நிலவிய மாநிலங்களில் ஒரு மனுவில் கையெழுத்திட்ட பதிவுபெற்ற வாக்காளர்களில் ஒருவருக்கு நாள்தோறும் 10 லட்சம் டாலர் கொடுத்தார். வாக்குக்காக அல்ல, கையெழுத்துக்காக என்று விளக்கம். ஃபிலடெல்பியாவில் வழக்கு வந்தது, நீதிபதி தடுக்கவில்லை.

திருமங்கலத்து மாணவர் ஒருவர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினார். தன் ஊர்ப் பெயரை மீட்கும் வேகம் அவர் எழுத்தில் இருந்தது. எழுதுபவருக்கு வலிக்கும் இடத்திலிருந்து ஒப்பீடு பிறந்தால் அதை அனுமதியுங்கள். சும்மா சமன் செய்வதற்காகப் பிறந்தால் அடித்துவிடுங்கள்.

யாரும் உண்மைச் செய்தி என்று நம்பிவிடக் கூடாது

2012 செப்டம்பரில் 'தி ஆனியன்' என்ற அமெரிக்க நையாண்டி இதழ், கிராமப்புற வெள்ளையர்கள் ஒபாமாவைவிட ஈரான் அதிபர் அகமதிநெஜாதையே விரும்புகிறார்கள் என்று கற்பனைக் கருத்துக்கணிப்பு ஒன்றை வெளியிட்டது. ஈரானின் ஃபார்ஸ் செய்தி நிறுவனம் அதை உண்மைச் செய்தியாகவே வெளியிட்டுவிட்டது. ஒரு செய்தி நிறுவனமே ஏமாறும் என்றால், தலைப்பும் முதல் பத்தியும் மட்டும் வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் போது குடும்பக் குழுவில் இருக்கும் பெரியவர் என்ன செய்வார்?

ஆகவே சில விதிகளை நான் கறாராக வைத்திருக்கிறேன். உண்மையான அதிபரின் வாயில் நம்பத்தகுந்த கற்பனை மேற்கோளை வைக்கக் கூடாது. கற்பனைப் பேச்சு எல்லாம் பத்திர எழுத்தரைப் போன்ற கற்பனைப் பாத்திரத்துக்கே. கற்பனைப் புள்ளிவிவரம் அறவே கூடாது. உண்மை எண்களே போதுமான அளவு விசித்திரமாக இருக்கின்றன. தலைப்புக்கு மேல் 'அங்கதம்' என்று போடச் சொல்லி ஆசிரியரிடம் வற்புறுத்துங்கள். முதல் பத்தியைத் தனியாக வெட்டிப் படித்துப் பாருங்கள்; அது செய்தியைப் போல் தோன்றினால் மாற்றி எழுதுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1964-இல் வந்த சல்லிவன் வழக்குத் தீர்ப்பின்படி, பொது அலுவலர் ஒருவர் அவதூறு வழக்கில் வெல்ல, எழுதியவர் பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றிச் சற்றும் கவலைப்படாமலோ எழுதினார் என்று நிரூபிக்க வேண்டும். 1988-இல் ஃபால்வெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் நையாண்டிக்கு ஒருமனதாகப் பாதுகாப்புக் கொடுத்தது. அந்தப் பாதுகாப்பு அங்கே எழுதுபவர்களுக்கு. இங்கே அவதூறு இன்னும் குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. இரண்டு ஆண்டுவரை சிறைக்கு இடம் உண்டு. அமெரிக்க அதிபர் மதுரை நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை என்ற தைரியத்தில் பழகிய கை, நாளை உள்ளூர் ஆளைப் பற்றி எழுதும்போதும் அதே பழக்கத்தில்தான் எழுதும்.

எழுதி முடித்த பிறகு

அறுநூறு சொற்களுக்கு மேல் போகாதீர்கள். ஒரு பத்திக்கு ஒரே ஓர் உண்மை, ஒரே ஒரு குரல். அமெரிக்க அரசியலை அறவே பின்தொடராத ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் 'அது என்ன?' என்று நிறுத்தும் இடங்களில் விளக்கம் குறைகிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தால் விளக்கம் அதிகம். என் மனைவி இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறாள். அவள் நிறுத்திய இடங்களைத் திருத்தாமல் நான் எதையும் வெளியே விட்டதில்லை. மறுநாள் காலை மறுபடி படித்து, உங்களுக்கு மிகவும் பிடித்த கிண்டலுக்குக் கீழே இருக்கும் உண்மைக்கு ஆதாரத் தாள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரி போகட்டும்.

அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. இன்றே ஒரு கோப்பு தொடங்குங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித் தாள்: முதன்முதலாகப் போட்டி அறிவித்த பேச்சின் முழு வாசகம், கொடுத்த வாக்குறுதிகள் தேதியோடு, தேர்தல் ஆணையத்தில் காட்டிய நிதிக் கணக்கு, முன்பு வகித்த பதவியில் போட்ட கையெழுத்துகள். தனியாக இன்னொரு தாளில் இந்தியப் பொருள்களுக்கான வரி, விசா கட்டணம் பற்றி அவர் சொன்னவை. நாளிதழ் நறுக்கு ஒட்டினால் பக்கத்தில் தேதியும் இதழின் பெயரும் எழுத மறக்காதீர்கள்.